பச்சை மாறாத திரை

நவம்பர் 3, திங்கள்

மாவு பொங்கி வழிந்து அடுப்படித் தரையெல்லாம் ஒழுகியிருந்தது. துடைத்து, ஷெரினைப் பள்ளி வேனில் ஏற்றி, அலுவலகம் போகப் பத்து மணி ஆகிவிட்டது. சபாபதி சார் காத்துக்கொண்டிருந்தார். கம்பெனி அவருடையது. நாங்கள் மொத்தம் ஆறு பேர்.

மஞ்சணாற்று வெள்ள எச்சரிக்கை இணையப் பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டுமாம். செய்தி நொடியில் போய்ச் சேர வேண்டும். அதற்கு எந்தத் தொழில்நுட்பம் சரி என்று பார்த்து, பதினைந்து நாளில் காரணத்தோடு அறிக்கை தரவேண்டும்.

"பழையதையும் நீதானம்மா எழுதுன. அதோட நெளிவுசுளிவு உனக்குத்தான் தெரியும்" என்றார்.

பழையதை ஆடி மாதத்தில் எழுதினேன். மேலணையில் மதகைத் திறக்கும்போது அங்கிருக்கும் பொறியாளர் ஒரு பொத்தானை அழுத்துவார். கீழே ஆற்றோரம் பதினோரு படித்துறைகள், பதினோரு காவலர்கள். அவர்கள் கைப்பேசியில் எங்கள் பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். பச்சை என்றால் குளிக்கலாம். சிவப்பானால் எல்லாரையும் கரையேற்ற வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் துறையில் இரண்டு பேர் போய்விட்டார்கள். குளிக்க வந்த ஒரு பெண்மணி. இன்னொருவர் காவலர் சுடலைமணி. இரண்டு குழந்தைகளைத் தூக்கிக் கரையில் விட்டுவிட்டு அந்தப் பெண்மணிக்காக மூன்றாம் முறை இறங்கினாராம்.

அதை எழுத இந்த நோட்டை எடுக்கவில்லை. வேலைக் குறிப்புகளுக்காக எடுத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பழைய பக்கம் கேட்டுக் கேட்டு வாங்கும் வகை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசி எங்கள் சர்வரிடம் "ஏதாவது உண்டா?" என்று கேட்கும். இரண்டு கேள்விகளுக்கு நடுவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. எழுதுவதற்கு எளிது, சர்வருக்கும் பாரம் இல்லை.

அடுத்தது ஒருவழி ஓடை. கைப்பேசி ஒருமுறை கதவைத் தட்டினால் போதும். கதவு திறந்தே இருக்கும். செய்தி வந்ததும் சர்வர் அனுப்பிவிடும். ஆனால் சர்வர் மட்டும்தான் பேசும், கைப்பேசி கேட்டுக்கொண்டிருக்கும்.

கடைசி வெப்சாக்கெட். இரண்டு பக்கமும் பேசலாம், டெலிபோன் மாதிரி. வேலை அதிகம். அறுந்த இணைப்பை மறுபடி சேர்ப்பது, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நாமே எழுதவேண்டும்.

எச்சரிக்கை மேலிருந்து கீழே மட்டும் போகிற செய்தி. அப்படிப் பார்த்தால் ஒருவழி ஓடை போதும். சபாபதி சாரும் அதைத்தான் சொல்வார்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவேண்டும். மறந்துகொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

விபத்துக்குப் பிறகு காவலர்கள் யாரும் எங்கள் பக்கத்தைத் திறப்பதில்லை. அணையிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். விசாரணை முடியும்வரை பழைய சர்வரை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு, அதனால் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்த வேண்டாம் என்று எழுத்தில் வரும்வரை அழுத்துவேன் என்று பொறியாளரும் சொல்லிவிட்டாராம்.

எத்தனை வினாடியில் பதில் போனது என்று கணக்கெடுக்க இன்று பதிவுகளைத் திறந்தேன். ஒரு கைப்பேசி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மற்ற பத்தும் அக்டோபர் 13-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. இது மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறது. நடுவில் இரண்டு நாள் இல்லை. பிறகு மறுபடி வந்திருக்கிறது.

ஏழாம் எண்.

எண் மாற்றிப் பதிந்திருப்பேன் என்று நினைத்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மாறவில்லை. ஏழு என்றால் சுடலைமணி.

நவம்பர் 7, வெள்ளி

போலீஸ் கைப்பேசியை எடுத்துப் போய் இரண்டு நாள் கழித்து வீட்டில் கொடுத்திருக்கும். யாரோ சார்ஜில் போட்டிருப்பார்கள், பக்கம் மூடாமல் இருந்திருக்கும். காவலர்களுக்குச் சிரமம் கூடாதென்று திரை அணையாதபடி எழுதியது நான்தான். இதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

வேறொன்றை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. தினமும் காலை பதினொன்றேகால் வாக்கில் அது கேட்பதை நிறுத்துகிறது. பன்னிரண்டுக்குள் மறுபடி ஆரம்பிக்கிறது. ஒருநாள்கூடத் தவறவில்லை.

அக்டோபர் 12 அன்று ஏழாம் கைப்பேசி கடைசியாகக் கேட்டது 11.18-க்கு. மதகு திறந்தது 11.20-க்கு. தண்ணீர் துறைக்கு வந்து சேர்ந்தது 11.41. கைப்பேசி மறுபடி கேட்டது 11.46. அது கற்படியில், அவருடைய துண்டின்மேல் இருந்ததாம்; பிறகுதான் யாரோ மேலே எடுத்து வந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு 11.17-க்கு நின்றது. நான் வேறு வேலை செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11.49-க்கு வந்தது. ஏதாவது உண்டா?

இல்லை என்று என் சர்வர் பதில் சொன்னது.

நவம்பர் 10, திங்கள்

விசாரணையின் வரைவு அறிக்கை சபாபதி சாருக்கு வந்திருக்கிறது. என்னிடம் படிக்கக் கொடுத்தார். "சம்பவ நேரத்தில் அப்பகுதியில் கைப்பேசிச் சமிக்ஞை தடைப்பட்டிருந்தது. மேலும், காவலர் தமது கைப்பேசியைக் கவனிக்கத் தவறியுள்ளார் எனக் கருதப்படுகிறது." இருபதாம் தேதி கடைசி அமர்வு, அத்தோடு முடிவு.

"நம்மள பத்தி ஒரு வார்த்தை இல்ல, பாத்தியா" என்றார். "புதுசுக்கு அந்த ஒருவழியே போதும்மா. சுருக்கமா எழுதி முடிச்சிரு."

நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படித்தான் எழுதவேண்டும்.

நவம்பர் 12, புதன்

பழைய பக்கத்தின் கோப்பைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

சிலிண்டர் வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

ஷெரின் பள்ளியில் குழந்தைகள் தின விழா. பாட்டுக்கு ஆடினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் சர்வர் பதிவு திறந்திருந்தது. அவள் மேடைக்கு வந்தபோது மணி 11.16. ஏழாம் எண் கேட்டது. அதற்குப் பிறகு இல்லை. தலைநிமிர்ந்தபோது ஆட்டம் முடிந்து எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நா கையத் தூக்குனதப் பாத்தியாம்மா?" என்று கேட்டாள்.

பார்த்தேன் என்றேன்.

நாளை லீவு. போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. தொழில்நுட்பத்தை முடிவு செய்யுமுன் இடத்தைப் பார்க்கவேண்டும் அல்லவா.

நவம்பர் 15, சனி

ஷெரினைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆறேமுக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். ஊரில் இறங்கிக் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். "பச்சை போன் வீடா?" என்றார் டீக்கடைக்காரர்.

சுடலைமணியின் மனைவி பெயர் உலகம்மாள். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால், சுவரில் சாய்த்து வைத்தபடி, சார்ஜர் வயரோடு கைப்பேசி. நான் எழுதிய பச்சை.

"யாரும்மா?"

"பாளையங்கோட்டையிலேருந்து வாரேன். இந்தப் பக்கத்தை எழுதுன கம்பெனி."

கை நின்றது. "எழுதுனது ஆம்பளையா இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றார். "உள்ள வாங்க."

கடுங்காப்பி கொடுத்தார். போனை ஏன் அணைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இவுக போனைப் பாக்கலன்னு விசாரணையில சொல்லுதாங்க. சோறு திங்கும்போதுகூட இதப் பாத்துக்கிட்டேதான் திம்பாக. நான் ஏசுவேன். அந்த ரெண்டு பிள்ளையளோட தகப்பன் எங்கிட்ட வந்து சொன்னான்: 'அக்கா, அண்ணாச்சி போனைக் காட்டித்தான் பச்சையா இருக்கு குளிங்கன்னாக'ன்னு. அத ஆபீசர்ட்ட சொல்லச் சொன்னேன். சொன்னான். கலவரத்துல ஒனக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுப்பான்னுட்டாங்க."

மணி பதினொன்று ஆனதும் முறத்தை இறக்கி வைத்தார். முந்தானையை உதறிவிட்டு வயரைப் பிடுங்கி, கைப்பேசியை எடுத்துக்கொண்டார். "வாங்க, காட்டுதேன்."

துறைக்குப் பத்து நிமிட நடை. மேலே பெரிய பாறை கவிந்திருக்கிறது. அதன்கீழே இறங்கி இறங்கிப் படிகள். நான்கு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது படியில் நின்று என் கைப்பேசியைப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் ஒன்றுகூட இல்லை. அவர் கையில் இருந்ததிலும் இல்லை. பக்கம் மட்டும் பச்சை.

"தெனமும் வருவீங்களா?"

"ஆமா. இவுகளத் தண்ணி கொண்டுபோன நேரத்துல வந்து நிப்பேன். இங்க இன்னும் காவலுக்கு ஆள் போடல. பன்னெண்டு நாளைக்கு முன்ன மேலணையத் தொறந்தாங்க. தண்ணி கலங்கி ஏறுதத கண்ணால பாக்கேன், கையில பச்சை. நானே சத்தம் போட்டு எல்லாரையும் ஏத்திவிட்டேன்."

"அப்பறமும் எதுக்கு தெனம் வரணும் அக்கா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு நாளாவது இங்கன நிக்கும்போது செவப்பாவுதான்னு பாக்கத்தான். ஒரே ஒரு நாள் ஆச்சுன்னாகூட அன்னைக்கும் ஆயிருக்கும், இவுகதான் பாக்காம விட்டுட்டாகன்னு நான் ஒத்துக்கிடணும்லா. ரெண்டு உசுரு போயிருக்கு. எம்புருசன்ங்கதுக்காவ பொய் சொல்லக் கூடாது."

கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க படிச்சவுக. சொல்லுங்க. நெட்டு இல்லன்னா இது பச்சையாவே ஏன் நிக்கி? தெரியலன்னு காட்டலாம்லா?"

"பாத்துச் சொல்றேன் அக்கா" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி ஷெரினை மட்டும் அனுப்பினேன்.

நவம்பர் 17, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

தெரியவில்லை என்று காட்டும்படிதான் முதலில் எழுதியிருந்தேன். சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் திரை சாம்பல் நிறமாகும், "தொடர்பு இல்லை" என்று வரும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினோம். அந்த அறையில் இணைப்பு சரியில்லை. இரண்டு தடவை சாம்பலாகிவிட்டது. "என்னங்க, இப்பவே கெட்டுப்போச்சா?" என்று ஒருவர் சிரித்தார்.

வெளியே வந்ததும் சபாபதி சார் சொன்னார்: "பாக்க அசிங்கமா இருக்கும்மா. கடைசியா என்ன இருந்துச்சோ அதையே காட்டட்டும். அடுத்த தடவை கேக்கும்போது சரியாயிரும்ல."

அவர் சொன்னார். செய்தது நான். திரையைச் சாம்பலாக்கும் அந்த வரியை அழிக்கக்கூட இல்லை. முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அப்படிப் போட்டால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. இரண்டு வாரமாக அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடுவது இதற்குத்தான்.

ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஐந்து நொடி என்று இருந்திருந்தாலும் பாறைக்கடியில் அன்றைக்குப் பச்சைதான் இருந்திருக்கும். ஒருவழி ஓடையாக இருந்திருந்தாலும் பச்சைதான். எது வேகம் என்று பதினைந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேகம் இல்லை விஷயம்.

மதியம் சார் அறைக்குப் போனேன். வெப்சாக்கெட்தான் வேண்டும் என்றேன். சர்வர் ஐந்து நொடிக்கு ஒருமுறை "இருக்கிறாயா" என்று கேட்கவேண்டும், கைப்பேசி "இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும். பதினைந்து நொடி சத்தம் இல்லையென்றால் கைப்பேசி தானாகவே சிவப்பாகி ஊதவேண்டும், அணையிலும் அந்தத் துறை சிவப்பாகத் தெரியவேண்டும். "கரையேற்றிவிட்டேன்" என்று காவலர் அழுத்தும்வரை மதகைத் திறக்கக் கூடாது. அதற்குக் கீழிருந்தும் பேச வழி வேண்டும்.

"சிக்னல் போறப்பல்லாம் ஊதுமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆளுகள வெளிய ஏத்துவாங்க?"

"ஏத்தணும் சார். அந்தப் பாறைக்கு மேல ஒரு சின்ன டவரும் வைக்கச் சொல்லணும்."

அவர் பேனாவை மூடினார். "இப்படி எழுதிக் குடுத்தா, பழசு ஏன் இப்படிச் செய்யலன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"இருபதாம் தேதி முடியட்டும். பெறவு பேசலாம்."

நவம்பர் 19, புதன்

ஷெரின் அப்பா ஜெபராஜ் கப்பலிலிருந்து கூப்பிட்டார். பொங்கல் கழிந்துதான் வருவாராம். எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"உன்கிட்ட யாராவது கேட்டா உண்மையச் சொல்லு" என்றார். "கேக்காம நீயா போய்ச் சொல்லணுமா, ஜெசி?"

யாரும் கேட்கப்போவதில்லை. அதுதான் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

விசாரணை அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பின்வரிசையில் உலகம்மாள், மடியில் கைப்பேசி. சபாபதி சாரை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். சமிக்ஞை இல்லாத இடத்தில் எந்தத் தொழில்நுட்பமும் வேலை செய்யாது என்றார். அதில் பொய் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

எழுந்து நின்றேன்.

"நீங்க யாரு?"

"ஜெசிந்தா. அந்தப் பக்கத்தை எழுதுனது நான்."

அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த தாளை மேசைமேல் வைத்து அந்த வரியைக் காட்டினேன். பழைய பதிவுகளையும், புதியதற்கான என் குறிப்புகளையும் வைத்தேன். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதெல்லாம் எனக்குப் புரியாதும்மா. சுருக்கமா சொல்லுங்க."

"செய்தி வரலேன்னாலும் எல்லாம் சரியா இருக்குன்னு காட்டுற மாதிரி எழுதியிருந்தேன் சார். அவர் போனைப் பார்த்தார். அது பச்சையாத்தான் இருந்திருக்கும். வேற மாதிரி இருக்க வழியே இல்ல."

"தெரிஞ்சேவா அப்படி எழுதுனீங்க?"

"தெரிஞ்சுதான்."

சபாபதி சார் என்னைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை ஒருவர் தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து வழக்கம்போலத்தான் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் உலகம்மாள் நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேனா? நினைத்திருக்கிறேன் போல. வெட்கமாக இருக்கிறது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தீங்கள்லா" என்றார். "அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டினார். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

வேலை போய்விட்டது. காலை ஒன்பது மணிக்கே என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. மேசையிலிருந்த டம்ளரையும் குடையையும் காவலாளியிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

நவம்பர் 27, வியாழன்

பதிவுகளை இனி என்னால் பார்க்க முடியாது. ஆனாலும் பதினொன்றேகால் ஆனால் கை தானாக நின்றுவிடுகிறது. இன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அப்படியே கிடந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. காவலர் கவனிக்கத் தவறினார் என்ற வாக்கியம் இல்லை. கம்பெனி பெயரும் சார் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. மேல்நடவடிக்கை இருக்கும் என்கிறார்கள். வரட்டும்.

வேலை வேறொரு கம்பெனிக்குப் போயிருக்கிறது. ஹாஜிரா என்று ஒரு பெண் அங்கிருந்து கூப்பிட்டாள். என் வாக்குமூலத்தோடு சேர்ந்திருந்த குறிப்புகளைப் படித்தாளாம்.

"அக்கா, ஒரு சந்தேகம். எச்சரிக்கை மட்டும்தானே, ஒருவழியே போதாதா?"

"கைப்பேசி கேட்டுச்சான்னு சர்வருக்குத் தெரிய வேண்டாமா?"

ஒரு மணி நேரம் பேசினோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். கடைசியில் அவள், "பழைய சர்வரை நாளைக்கு நிறுத்துறோம். ஆனா ஒரு போன் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு, தெரியுமா?" என்றாள்.

"தெரியும். நிறுத்துறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நேர்ல போய்ச் சொல்லிருங்க."

டிசம்பர் 11, வியாழன்

ஹாஜிரா போய்ச் சொல்லியிருக்கிறாள். உலகம்மாள் சுற்றிய பீடியை முடித்து வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துத் தானே அணைத்தாராம்.

ஜனவரி 18, ஞாயிறு

புதிய ஏற்பாட்டுக்கு இன்று முதல் நாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஜெபராஜ் வந்திருக்கிறார். அவரும் ஷெரினும் தூங்கிக்கொண்டிருந்தபோதே பஸ் ஏறிவிட்டேன்.

பொங்கல் கூட்டம். ஏழாம் துறையில் ஐம்பது அறுபது பேர். ஈயப் பாத்திரம், எண்ணெய், சோப்பு, குழந்தைகளின் கூச்சல். பாறைமேல் புதுக் கம்பம் நட்டிருக்கிறார்கள், கருவி இன்னும் பொருத்தவில்லை. மேல்படியில் காக்கிச் சட்டையைச் சேலைக்குமேல் போட்டுக்கொண்டு உலகம்மாள். கணவர் வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கழுத்தில் கயிறு கட்டிக் கைப்பேசி தொங்கியது. நான் மேலே ஆலமரத்தடியில், கூட்டத்தோடு நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்தாரா, தெரியாது.

பத்தரை மணிக்கு அவர் ஒரு குழந்தையை ஏற்றிவிட ஆறாவது படிக்கு இறங்கினார்; கொஞ்ச நேரத்தில் கைப்பேசி ஊதியது. லாரி ஹாரன் போலக் கொடூரமான சத்தம். உலகம்மாள் ஒருமுறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவில் நின்று, இரண்டு கையாலும் அடித்து விரட்டுகிற மாதிரி எல்லாரையும் ஏற்றினார். சோப்புத் தலையோடு ஏறினார்கள். ஒரு கிழவர் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. துறையில் ஆளே இல்லை. உலகம்மாள் மேல்படிக்கு ஏறி வந்து, கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

எல்லாரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம். பத்து. இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் தெளிவாக, முழங்கால் அளவில், கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் வரவில்லை.

மேலணையிலிருந்து போன் வந்தது. இன்றைக்கு மதகே திறக்கவில்லையாம். பாறைக்கடியில் சிக்னல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்றிருந்த ஒருவர் கோபமாக முன்னால் வந்தார். "ஏம்மா, புள்ளகுட்டியெல்லாம் அரைமணி நேரமா ஈரத்தோட நடுங்கிட்டு நிக்கி. வெறும் நெட்டு போனதுக்கா இந்த அலம்பல்?"

உலகம்மாள் சேலையைப் பிழிந்துகொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா" என்றார். "நெட்டு போனதுக்குத்தான்."